கட்டைவிரல் கணக்கு

டயரில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். "காத்து கம்மி, சார். இப்படியே ஓட்டினா டியூப் கிழிஞ்சிரும்" என்று சொன்ன பிறகுதான் அளவுக் கருவியை மாட்டுவாள். முள் அவள் பேச்சை மீறியதே இல்லை. பஞ்சர் கடையில் பெண்ணா என்று இளித்தவர்களும் பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். ஸ்பானர்களை அளவு வாரியாக அடுக்குவது அண்ணனின் வேலை. தங்கச்சியைப் பற்றிப் பெருமையடிப்பது அதைவிடப் பெரிய வேலை.

அந்தக் கட்டைவிரல் இப்போது அவள் கண்ணுக்கும் போகிறது. கண் நீர் அழுத்த நோய் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, இமையை மூடி அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இல்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். போன முறை பரிசோதனையில் அழுத்தம் சரியாக இருந்தது. அன்றோடு சொட்டு மருந்துக்கும் விடைகொடுத்துவிட்டாள்.

"காத்து சரியா இருக்கிற டயருக்கு எவனாவது மறுபடி காத்தடிப்பானா?"

"மருந்து விட்டதாலதானேம்மா சரியா இருந்துச்சு? நிறுத்தினா பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டே வரும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?" என்பார் அண்ணன்.

"வலிக்கல, சிவக்கல. இங்க பாரு" என்று எதிர்ச் சுவரில் சாய்ந்திருக்கும் டயரின் பொடி எழுத்துகளைக் கடகடவென்று வாசிப்பாள். "கண்ணாடி போட்ட நீ வாசி, பாப்போம்!"

அண்ணன் ஸ்பானர்களை அடுக்கப் போய்விடுவார். அவளுக்கு இடப்பக்கம் இருக்கும் தேநீர்க் குவளை அடிக்கடி கவிழ்கிறது. "எந்த மடையன் இங்க வெச்சான்?" என்று கத்துவாள். வைத்தது அவளேதான்.

நேற்று அவர் வாதாடவில்லை. "நேரா அந்த எழுத்தையே பாரு. பக்கத்துல ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லு" என்று சொல்லி, இடப்புறமிருந்து ஒரு சக்கரத்தை மெல்ல உருட்டிவிட்டார். அது முழங்காலில் இடிக்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

"சத்தமில்லாம உருட்டினா எப்படித் தெரியும்?" என்று சீறினாள்.

"பாக்கிறதுக்கு எதுக்கும்மா சத்தம்?"

அவள் சக்கரத்தை நிமிர்த்தினாள். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் அழுத்திப் பார்த்தது. காற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஓரம் தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"தேஞ்சது திரும்ப முளைக்காதுல்ல?"

"முளைக்காது. மிச்சத்தைக் காப்பாத்தத்தான் மருந்து. தலையைச் சாய்ச்சு உக்காரு, விடுறேன்."

"நீ ஒண்ணும் விட வேணாம். எனக்குக் கையிருக்கு."

கட்டைவிரல் இமையை நோக்கி உயர்ந்தது, பாதியில் நின்றது. விறுவிறுவென்று குழாயடிக்குப் போனாள். நகக்கண்ணில் இருந்த கருமை போகும்வரை அந்த விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். திரும்பி வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமலே, மருந்துக் குப்பிக்காக ஈரக் கையை அவர்முன் நீட்டினாள்.