வெந்நீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு நாற்காலி

ஸ்டெய்ன்வோர் பிறந்தபோதே அவள் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. ஐஸ்லாந்திலிருந்து லண்டனுக்குத் தூக்கிப்போய் அறுவை செய்து ரத்தம் போகும் பாதையை மாற்றினார்கள். நுரையீரலுக்கு மட்டும் ரத்தம் தள்ள வேண்டிய வலது அறை அன்றிலிருந்து உடம்பு முழுவதற்கும் உழைத்தது. நாற்பத்தைந்து வருஷம் உழைத்துக் களைத்துப்போனது.

"கடவுள் உன்னைத் தனியாப் படைச்சிருக்காரு" என்று பாதிரியார் ஒருமுறை சொன்னார்.

"மாத்திப் படைச்சது அவரு, சரி பண்ணினது டாக்டருங்க. நன்றிய யாருக்குச் சொல்லட்டும்?" என்றாள். மீன் ஏலக்கூடத்தில் எடை போடுகிறவள். ஒரு கிராமும் விட்டுத்தர மாட்டாள்.

ஸ்வீடனில் இதயப் பம்பு வைக்கப் போனபோதும் அப்படித்தான். "இது இடது அறைக்குன்னு செஞ்சது. உங்கள மாதிரி இதயத்துல அதிகம் சோதிச்சதில்ல" என்று மருத்துவர் இழுத்தார். "எங்களச் சேக்காம சோதிச்சது உங்க தப்பு. அதுக்கு நான் சாகணுமா?" என்றாள். பொருத்தினார்கள். வயிற்றிலிருந்து ஒரு கம்பி, தோளில் பேட்டரிப் பை. மாற்று இதயம் கிடைக்கும்வரை தண்ணீரில் முங்கக் கூடாது.

ஐஸ்லாந்தில் அவள் ஊர்க்காரர்களுக்கு ஊர் என்பதே நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டிதான். காலையில் அதில் கழுத்தளவு உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டாவிட்டால் அவர்களுக்குப் பொழுது விடியாது. இருபது வருஷமாக அங்கே அவளுக்கு ஓர் இடம் இருந்தது. இறங்க முடியாவிட்டாலும் ஓரத்திலாவது உட்கார வேண்டும் என்று வந்து நின்றாள்.

"உடுப்போட உள்ள விட முடியாது" என்றான் மேலாளர் ஹாவர்துர்.

"ஏன்?"

"சுத்தம். சோப்புப் போட்டுக் குளிக்காம யாரும் உள்ள வரக்கூடாது. உனக்குத் தெரியாதா?"

ஸ்டெய்ன்வோர் நேரே குளியலறைக்குப் போனாள். பைக்கு நீர்புகா உறை மாட்டி, எல்லாரையும்போல அம்மணமாக நின்று, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டாள். கால் மணி நேரம் ஆனது. துவைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். குளியலறைக் காவலுக்கு நிற்கும் ஒட்னி பின்னாலேயே வந்தாள்.

"நான் சாட்சி. ஒன்னைவிடச் சுத்தமா இருக்கா. நீ இன்னிக்குக் குளிச்சியா ஹாவர்துர்?"

"அது... கரண்ட் சாமான். தண்ணிப் பக்கத்துல எப்படி?"

"ஒன் பாக்கெட்ல இருக்கற போன் என்ன, மெழுகுவத்தியா?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

தொட்டியில் இருந்த எல்லாரும் அவள் பையையே பார்த்தார்கள். மலையைக் குடைந்து போடப்போகும் சுரங்கப்பாதை வெட்டித்தனம், இருக்கிற சாலையே போதும் என்று அவள் ஆரம்பித்தாள். அந்தப் பாதை வேண்டும் என்று பத்து வருஷம் அவளோடு மல்லுக்கட்டிய மீனவன் அஸ்கிரீமுர், "நீ சொல்றது சரிதான் ஸ்டெய்ன்வோர்" என்றான் மெதுவாக.

அவளுக்குச் சுருக்கென்றது. வாசலில் விடமாட்டேன் என்றபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"பம்பு வச்சது நெஞ்சுல. ஒனக்கு எப்பய்யா மூளை கழண்டுச்சு? பனி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு நீ எந்த வழியாப் போவேன்னு எப்பவும்போலக் கேளு!"

அஸ்கிரீமுர் முழங்கால் தெரிய எழுந்து நின்றான்.

"அதத்தானடி பத்து வருஷமாச் சொல்றேன், மரமண்டை! ஒன் சாலைக் கணக்கே தப்பு!"

"எந்தக் கணக்கு?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள் அவள்.