ஆடிட்டுக்கு முன் ஒரு மாத்திரை

போன மாதம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தூக்கி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர் சிவகுமார். நல்லூரில் பனியன் தைக்கும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். அன்றைக்கு அங்கே ஆடிட். பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அனுப்புகிற ஆள், தொழிலாளர் பாதுகாப்பெல்லாம் சரியா என்று சுற்றிப் பார்த்து ஓகே சொன்னால்தான் ஆர்டர். இல்லையென்றால் அறுபது பேருக்கும் வேலை இல்லை. மனிதருக்கு ஒரே பதற்றம். டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

பாவமாக இருந்தது. ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க நான் பயந்தபோது தந்த மாத்திரையில் இரண்டு மிச்சம் இருந்தது. பாதி போட்டால் போதும், மனசு அமைதியாகிவிடும் என்றேன். பாதியில் திருப்தி வருகிற ஆளா அவர்? இரண்டையும் விழுங்கிவிட்டார்.

சென்னையிலிருந்து ஒரு அம்மா ஆடிட்டராக வந்து இறங்கும்போது மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சாந்தம். பழனிக்கு நடந்து போய் வந்தபோதுகூட அதை நான் பார்த்ததில்லை.

முதலுதவிப் பெட்டி இன்றைக்குக் காலையில் வாங்கியது என்றார். மாஸ்க்கெல்லாம் இன்றைக்கு மட்டும்தான், சாயங்காலம் திரும்ப வாங்கி வைத்துவிடுவோம் என்றார். வேலை நேரத்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தைக்கும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததையும் — யாரும் கேட்காமலே — ஒப்பித்தார். நான் பின்னால் நின்று இருமினேன். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்!

கடைசியாக எமர்ஜென்சி கதவு.

"இது திறக்குமா சார்?"

"திறக்காதுங்க. அந்தப் பக்கம் துணி மூட்டை அடுக்கியிருக்குதுங்க. தீப்புடிச்சா எல்லாரும் உள்ளதானுங்க."

சிரித்த முகத்தோடு சொன்னார். எத்தனை முறை அந்தக் கதவைத் தாண்டிப் போயிருப்பேன்... ஒருநாளும் உறுத்தவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட கையோடு மாப்பிள்ளை துணி ரோல் மேல் சாய்ந்து தூங்கிப் போனார். எழுப்பினால் எழவில்லை. பதறிப்போய் வேனில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம்.

ஆபத்தில்லை என்றார் டாக்டர். திட்டு மொத்தமும் எனக்கு. மூளையில் பிரேக் போடுவதற்கென்றே காபா என்று ஒரு ரசாயனம் இருக்கிறதாம். அதன் பிடியை இந்த மாத்திரை இன்னும் இறுக்கிவிடும். நரம்புகளின் கூச்சல் குறையும், பதற்றம் அடங்கும்.

"ஆனா பயத்தை மட்டும் தேடிப் போயி அமுக்காதுங்க. எச்சரிக்கை, ஞாபகம் எல்லாத்தையும் சேர்த்துத்தான் அமுக்கும். கூடவே குடிச்சிருந்தா மூச்சே நின்னுருக்கும். இனி உங்க மாத்திரையை யாருக்கும் குடுக்காதீங்க."

சாயங்காலம் கண் விழித்த மாப்பிள்ளை முதலில் கேட்டது: "ஆடிட்டர் வந்துட்டாங்களா மச்சான்?"

நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. கையெழுத்தைக் காட்டினேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் முழுக்கக் குறைகள். ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை... சரிசெய்ய ஒரு மாதம் டைம் கொடுத்திருந்தார்கள். மறுநாளே மூட்டைகள் இடம் மாறின, கதவு திறந்தது.

யோசித்துப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பயத்தில் குறைச்சலே இல்லை. தீயைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர் ஆடிட்டரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார். நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே?

போன வாரம் அந்த அம்மா மறுபடி வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், இது எப்போதிருந்து திறக்கிறது என்று கேட்டார். இந்த முறை யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அக்கா மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "எங்க மொதலாளி மாத்திரை போட்டதுக்கு மறுநாள்ல இருந்துங்க."