பாகூர் வயலில் பிடித்த கயிறு

என் கையெழுத்து நன்றாக இருக்காது, பிழையும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோரியாங்குப்பம் பஸ்ஸுக்காகப் பாகூர் வயலோரம் நிற்கிறேன். நடவு நடக்கிறது. பிடுங்கிய நாற்று வரப்பில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. திடீரென்று மோட்டார் நின்றுவிடுகிறது.

"லைன் போச்சுடி!" என்று ஒருத்தி கத்துகிறாள். லைன்மேனுக்குப் போன் போட்டால் அந்த லைனும் கிடைக்கவில்லை. ரேஷன் கடை வரிசையும் லைன்தான், வில்லியனூர் தண்டவாளமும் லைன்தான். அந்த இங்கிலீஷ் சொல் முதலில் ஒரு செடியின் நாரில் திரித்த நூலைத்தான் குறித்ததாம். என் மகள் படித்துச் சொன்னாள்.

நாற்று வரிசை கோணாமல் இருக்க வயலின் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் நடவுக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் மோட்டாரைப் பார்க்க ஓடுகிறார். நடவுக்காரி ஒருத்தி என் பக்கம் திரும்புகிறாள்.

"இன்னாண்ணே, வேடிக்க பாக்குற? வந்து கயிற புடி. சேறு காயறதுக்குள்ள லைனா நட்டுடணும்."

"பஸ் வந்துடும்மா."

"பஸ்ஸு நாளைக்கும் வரும். இந்த வெய்யில்ல நாத்து நாளைக்குத் தாங்குமா?"

கூச்சத்தோடு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கயிற்றைப் பிடிக்கிறேன். பெண்கள் அதையொட்டிக் குனிந்து நடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் திரும்பினால் கயிறு தளர்ந்துவிடும். இன்னும் இழுத்துப் பிடிக்கிறேன்.

ஊர் திரும்பி இதை எழுதியது, புரட்டாசி இரண்டாம் ஞாயிறு.