இடது காலின் முறை

ஓய்வுபெற்ற பின் ஈராண்டுகள், வாவிக்கரையோரத்து இராணுவ முகாமொன்றில் சிங்கள வீரர்களுக்குத் தமிழ் கற்பித்தேன். முதல் நாட்காலை தகரக் கூரையிட்ட மண்டபத்தினுள் நுழைந்தபோது இருபது பேர் கண்களை மூடி, ஒற்றைக்காலில் நின்றவாறு உயிரெழுத்துகளை ஓதிக்கொண்டிருந்தனர். காற்று அசையவில்லை.

உடற்பயிற்சிக்குப் பொறுப்பான சார்ஜன்ட் ஏறாவூரைச் சேர்ந்தவர். அந்த ஏற்பாடு அவருடையது.

"நீங்க வாய்க்குப் படிப்பியுங்க சேர். நான் காலுக்குப் படிப்பிக்கிறன்" என்றார்.

பாதி நேரம் வலக்கால், பாதி நேரம் இடக்கால். சுமையோடு மணலில் ஓடுவோரை முதலில் வீழ்த்துவது கணுக்கால்தான் என்பது அவர் கொள்கை. எவருடைய கால் நடுங்குகிறதென்று சன்னல் வழியே நோக்கிக் குறித்துக்கொள்வார்.

அவ்வகுப்பில் ழகரத்தைப் பிழையின்றி ஒலித்தவர் ஒரு கோப்ரல் மட்டுமே. மாரி வெள்ளத்தின்போது, மண்டூர்ப் பக்கத்து நெல்வயல் வட்டையொன்றில் நோயாளி ஒருவரைத் தோளில் சுமந்து வருகையில் வயல் வரம்பு சரிந்து அவருடைய இடது கணுக்கால் புரண்டது. அவர் அதனை மறைத்துவிட்டார். வெளிநாட்டு அமைதிகாப்புப் பணிக்கான தெரிவுக்கு அப்போது ஆறு வாரங்களே இருந்தன. வயதெல்லையின்படி அதுவே அவருக்கு இறுதி வாய்ப்பு.

இடக்காலின் முறை வந்ததும் அவர் மெல்ல என்னருகே வந்தார்.

"சேர், கொஞ்சம் மட்டும் நோகுது. சார்ஜன்ட்டுக்குச் சொல்ல வேணாம். சொன்னா என்ட பேர் வெட்டும்."

நல்ல மாணவனுக்கு ஆசிரியன் செய்யும் சிறு சலுகையென்றே அதனைக் கருதினேன். அன்றுமுதல் இடக்காலின் முறை தொடங்கும் போதெல்லாம், பலகையில் எழுதுமாறு அவரை அழைத்தேன். எழுதுபவர் இரு கால்களிலும் நிற்கலாம் அல்லவா? சன்னலருகே நின்ற சார்ஜன்ட்டுக்கு ஊக்கமுள்ள மாணவர் ஒருவரே தென்பட்டார்.

நான்காம் வாரத்தில் சார்ஜன்ட் உள்ளே எட்டிப்பார்த்தார்.

"என்ன சேர், இடது கால் வந்தா இவர்தான் உங்கட கண்ணுல படுறாரோ?"

வகுப்பு சிரித்தது. "நான் கொக்கு இல்ல சார்ஜன்ட்" என்றார் கோப்ரல்.

"கொக்குக்கு ஒத்தக் கால் போதும். உனக்கு ரெண்டும் வேணும்டா."

"இவருடைய கையெழுத்து அழகானது" என்றேன் நான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை, பலகையை நோக்காமல் கோப்ரலின் சப்பாத்தையே நெடுநேரம் நோக்கிவிட்டுச் சென்றார். அடுத்த வாரம் அச்சப்பாத்தின் நாடாக்கள் மேலும் தளர்த்திக் கட்டப்பட்டிருந்தன.

தெரிவு நாளன்று, தெரிவுப் புள்ளிகளில் சேரும் தமிழ் வாய்மொழித் தேர்வு என் பொறுப்பு. கோப்ரல் முதலிடம் பெற்றார். பின்னர் அனைவரும் ஆளுயர மதிலொன்றின் முன் நிறுத்தப்பட்டனர். மேலிருந்து குதித்து ஒற்றைக்காலில் ஊன்றி, மூன்று எண்ணும்வரை அசையாது நிற்றல் வேண்டும். முதலில் வலக்கால், அதில் அவர் கற்றூணைப்போல நின்றார். மீண்டும் மதிலேறியபோது என்னை ஒருமுறை பார்த்தார். வாய்திறக்க எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. நான் கையிலிருந்த புள்ளித்தாளை மடித்தேன்.

அவர் குதித்து இடக்காலை ஊன்றியதும் காய்ந்த மட்டை ஒடிவது போன்ற ஓசை எழுந்தது.

சார்ஜன்ட் மணலில் மண்டியிட்டு நாடாவை அறுத்தார். சப்பாத்தினுள்ளே துணிச்சுற்று, அதன்மேல் இன்னொன்று. இரண்டும் வியர்வையில் பழுப்பேறியிருந்தன. தசையில் அவற்றின் தடம் ஆழப் பதிந்திருந்தது.

"இண்டைக்குத்தான் நோகுது சார்ஜன்ட், இண்டைக்குத்தான்" என்று கோப்ரல் வலியினூடே கூறினார்.

சார்ஜன்ட் அவரைப் பார்க்கவில்லை. என்னை நிமிர்ந்து நோக்கினார்.

"எத்தின கிழமை சேர்?"

"ஆறு வாரம்" என்றேன்.

"எனக்கு மூண்டு கிழமை போதும் சேர், இந்தக் கரண்டைக்காலைத் தேத்திறதுக்கு. முதல் நாளே சொல்லியிருந்தா இண்டைக்கு நிண்டிருப்பான்."

கோப்ரல் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். தூக்குப்படுக்கை வந்தது. அதன் ஒரு முனையைப் பிடிக்க நான் குனிந்தபோது, சார்ஜன்ட் என் கையை விலக்கிவிட்டு வேறொருவரை அழைத்தார்.