சோளப் பாத்திக்கு மேலே ஒரு சீடி

கிண்ணியாவில் நானாவின் வீட்டுக்குப் பின்னால், சோளப் பாத்திக்கு மேலே கட்டிய நைலோன் கயிற்றில் சீடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றடிக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பி வெயிலை முகத்தில் எறிந்தன. கிளி வராமல் இருக்க நானா செய்த ஏற்பாடு. அவற்றில் ஒன்றைத் தேடித்தான் நான் நானாவோடு திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டி, மிதவையில் துறையைக் கடந்து, வியர்த்து ஒழுகி வந்து நின்றேன். “எது தம்பி? எல்லாம் ஒண்டு மாதிரித்தானே கிடக்கு” என்றார் நானா. சீடிகளில் எழுதியிருந்த பெயர்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. அன்றைக்கு வந்த எரிச்சலை, இதை எழுதும்போதும் என்னால் முழுதாக இறக்கிவைக்க ஏலாமல் இருக்கிறது.

நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டாலும் அவர் எனக்கு உறவில்லை. துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய கணினி நிலையத்தில் என்னோடு வேலை செய்தவர். வயதில் மூத்தவர், சம்பளத்தில் சமமானவர். போர் முடியாத வருடங்கள் அவை. வெருகல் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் உதவி நிறுவனம் பழைய கணினிகள் கொடுத்திருந்தது. ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இல்லை. சீடியைப் போட்டால் அதிலிருந்தே விழித்தெழும்படி செய்து தரவேண்டியது எங்கள் வேலை. நிறுவனத்து அதிகாரி வந்து பார்ப்பார். ஓடவில்லையென்றால் பெட்டிகளை லொறியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். “மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொம்பியூட்டர் கொண்டாறான்” என்று அம்மா கரைவலைக்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். அந்த லொறி வந்துபோனால் நான் ஊருக்குள் கால் வைக்க ஏலாது.

கொழும்பிலிருந்து ஆயத்தமாக வந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சீடியைப் போட்டுப் பார்த்தோம். பழைய பெட்டிகளின் நினைவகம் அதைத் தாங்காமல் திணறி நின்றுவிட்டது. ஆகவே தேவையானதை மட்டும் வைத்து நாங்களே ஒன்றைக் கட்டத் தொடங்கினோம். அங்கேதான் நானாவின் குணம் என்னைச் சாகடித்தது. எதைச் சேர்த்தாலும் “இது என்னத்துக்கு?” என்பார். காரணம் சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்பமாட்டார். சொல்லத் தெரியாவிட்டால் அழித்துவிடுவார். தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தேன். அது எழுத்து வரையும் நிரலைக் கேட்டது, அந்த நிரல் இன்னொன்றைக் கேட்டது, இன்னொன்று பிரிண்டரை ஓட்டும் முழுத் தொகுதியையும் கேட்டது. “மாப்பிள்ளையை மட்டும் வரச் சொன்னா, ஊரே பஸ் பிடிச்சு வருகுது தம்பி” என்று சிரித்தார். இன்றைக்கு என் மடிக்கணினியில் ஒரு சின்னச் செயலியைக் கேட்டால் அது நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது, ஒருவரும் ஏனென்று கேட்பதில்லை. அன்று ஒவ்வொரு விருந்தாளிக்கும் அரை நாள் விசாரணை நடந்தது.

சீடியோடு நிற்காமல், அதைக் கட்டுகிற எங்கள் மெஷினிலும் இடம் போதாதென்று துப்புரவு செய்தார். அப்படிப் போனதுதான் பெர்ல் என்ற நிரல்மொழி. எல்லாம் முடிந்து, கணினியின் கருவான கேர்னலைக் கட்டும் நேரத்தில் வேலை நின்றது. பெர்ல் இல்லை என்று திரை சொன்னது. எதற்குக் கேட்கிறது என்று தேடிப் பார்த்தேன். கடிகாரத் துடிப்பை வினாடியாக மாற்றுவதற்கு ஒரு வகுத்தல் கணக்குப் போட வேண்டுமாம். அதற்கு ஒரு முழு மொழி. “வகுக்கிறதுக்கா? நான் கல்குலேட்டர் வாங்கித் தாறனே” என்றார் நானா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொலைபேசி இணைப்பு அறுந்து கிடந்தது, இணையம் கிடையாது. பெர்ல் இருந்த சீடி எங்கே என்று கேட்டேன். தாடியைத் தடவியபடி, “அது வந்து... கிளிக்குக் கட்டிட்டன்” என்றார்.

எழுத்தின் தடத்தை வைத்துக் கடைசியில் கண்டெடுத்த சீடியோடு திரும்பும்போது சாவடியில் நின்ற சிப்பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து, இதில் என்ன இருக்கிறதென்று கேட்டான். நானா தன் உடைந்த சிங்களத்தில் கிளியையும் சோளத்தையும் விளக்க, அவன் எங்களைப் பைத்தியங்களென்று நினைத்துப் போகவிட்டான். நிலையத்தில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்துப் போட்டேன். உறுமியது, சுழன்றது, ஓர் எழுத்தும் வாசிக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நானா, “பெர்ல் படிக்கிற அந்தக் கணக்கை ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்” என்று நச்சரிக்கத் தொடங்கினார். வாயை மூடட்டும் என்றுதான் திறந்தேன். வழக்கமான துடிப்புகளுக்கெல்லாம் விடை அதற்குள்ளேயே எழுதிக் கிடந்தது. கணக்குப் போட ஒன்றுமில்லை. எழுதிவைத்த விடையை எடுத்து இன்னொரு கோப்பில் வைக்கத்தான் பெர்ல் தேவைப்பட்டது. இலக்கங்களை நானே பார்த்துப் பார்த்துத் தட்டி அந்தக் கோப்பை உண்டாக்கினேன். வேலை நகர்ந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கோ அத்தனை அலைச்சலும் வீணென்று கீபோர்டைத் தூக்கி வீதியில் எறியவேண்டும் போலிருந்தது.

நானாவும் நானும் சீடிகளோடு பள்ளிக்கூடத்தில் காத்திருந்தோம்; அதிகாரி சொன்ன நாளில் வந்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாக விழித்துத் தமிழ் காட்டின. தலையாட்டி, தலைமை ஆசிரியரான அதிபரோடு தேநீர் குடித்துவிட்டுப் போனார். லொறி வரவேயில்லை. யன்னல் கம்பிகளில் பிள்ளைகள் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றார்கள். அதிபர் ஒவ்வொரு பெட்டியாக நிறுத்தி, புதுத் துணியால் போர்த்து, அறையைப் பூட்டினார். “பிள்ளையள் கை வைச்சால் பழுதாப்போம். பெரியாக்கள் வரேக்க திறந்து காட்டுவம்” என்றார். எனக்கு அரிச்சுவடி சொல்லித்தந்தவர் அவர். அவர் முன்னால் “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப சேர், இதெல்லாம் என்னத்துக்கு?” என்றார் நானா.

“பாதுகாப்பா இருக்கட்டுமென்றுதான்.”

“ஆருக்காக?”

அதிபர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நானா பூட்டிய கதவுக்கு முன்னால் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு சப்பணம் கட்டி உட்கார்ந்தார். மூதூருக்குப் போகும் கடைசி பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் இரவு ஊருக்குள்ளேயே தங்க வேண்டும், சாவடிக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் யன்னலை விட்டு வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஒரு சிறுமி அவருக்குப் பக்கத்தில் தானும் சப்பணம் கட்டினாள்.

“பஸ் போகப்போகுது, எழும்புங்கோ” என்றார் அதிபர்.

“நீங்க காரணம் சொல்லுங்கோ சேர், எழும்புறன்.”

பஸ் இன்னொரு முறை ஹோர்ன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. அதிபர் சட்டைப்பைக்குள் சாவியைத் தடவிக்கொண்டு நின்றார். நானாவோடு வேலை செய்த காலம் முழுக்க, இந்த மனுசன் எப்போது எழும்புவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அவர் எழும்பிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு, நானும் போய் அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.