ஸ்பெயின் மூடிக்கிடந்த மாதம்

எண்பதுகளின் பிற்பாதியில், ஒரு ஜூலை மாதக் கடைசியில், ஸ்பெயினிலிருந்து அந்த ஐந்து வரி டெலக்ஸ் வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஆலை ஒன்றில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவேன்.

ஸ்பெயின்காரர்கள் எங்களுக்குப் புதிய வாடிக்கையாளர்கள். அந்த நாட்டில் அரசு மருத்துவமனைகள் புதிது புதிதாகத் திறந்துகொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் துணிக்கு நல்ல கிராக்கி. வழக்கமாக ஆங்கிலத்தில்தான் டெலக்ஸ் வரும். அன்று வந்தது ஸ்பானிஷில் இருந்தது. மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டுக்கு போன் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஏஜெண்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலத்தை வைத்து ஊகித்துச் சொன்னார். ஆகஸ்டில் மூடுகிறார்கள், இடத்தைக் காலி செய்கிறார்கள், சரக்கு அனுப்ப வேண்டாம் என்கிறார்கள்.

மேனேஜர் முதலாளி அறைக்குள் போனார். கால் மணி நேரத்தில் செய்தி ஆலை முழுக்கப் பரவிவிட்டது. கட்டி வைத்த துணிப் பேல்களைக் கிடைத்த விலைக்கு மதராஸில் தள்ளிவிட வேண்டும். தறிகளில் பாதியை நிறுத்த வேண்டும். துணியைச் சுருட்டும் பெண்கள் நாற்பது பேரும் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்.

ஃபைலில் வைக்கச் சொல்லி டெலக்ஸ் என் மேஜைக்கு வந்தது. படித்தேன். திரும்பவும் படித்தேன்.

எனக்கு எப்படி ஸ்பானிஷ் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டும். பி.ஏ. முடித்துவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் சும்மா இருந்தேன். பெண் பார்க்க வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிப் போவார்கள். அண்ணன் வாங்கிப் போட்ட ரேடியோதான் துணை. ஒரு சாயங்காலம் சிற்றலையில் முள்ளைத் திருகியபோது ஸ்பெயின் நாட்டு வானொலி ஆங்கிலத்தில் பேசியது. மொழிப் பாடம் நடத்தினார்கள். கடிதம் போட்டேன். பாடப் புத்தகம் தபாலில் வந்தது. அதில் ஒட்டியிருந்த ஸ்டாம்பைத் தெருவே வந்து பார்த்தது.

"ஏட்டி, அந்த ஊர்லயே மாப்பிள்ளை பாத்துக்கிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

மாப்பிள்ளை வரவில்லை, மொழி வந்தது. கூடவே அந்த நாடும் வந்தது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஒரே ஆளின் சர்வாதிகாரத்தில் இருந்துவிட்டு, இப்போதுதான் ஓட்டுப் போடப் பழகியிருந்தார்கள். ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்திருந்தார்கள். வேலையில்லாத இளைஞர்கள் அங்கேயும் ஏராளம். கேட்கக் கேட்க அது தூர தேசமாகவே தோன்றவில்லை.

டெலக்ஸை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக் கதவைத் தட்டினேன்.

"சார், இது கம்பெனியை மூடுறது இல்ல சார். லீவு."

மேனேஜர் திரும்பினார். "நீ டைப் அடிக்க வந்த பொண்ணும்மா. இதுல எதுக்குத் தலையிடுத?"

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அதிலேயே ஏதோ சொல்லி மேனேஜரை அடக்கினார். "நீ சொல்லும்மா."

"'வகாசியோனெஸ்'னு இருக்கு பாருங்க. இங்கிலீஷ் 'வெக்கேட்' மாதிரி தெரிஞ்சாலும் காலி பண்றதுன்னு அர்த்தம் இல்ல சார், விடுமுறை. ஆகஸ்ட் மாசம் அங்க ஊரே மூடிக் கெடக்கும். கடை, ஆலை, ஆபீஸ் எல்லாம். எல்லாரும் கடற்கரைக்கோ சொந்தக் கிராமத்துக்கோ போயிருவாங்க. கடைசி வரியில 'அஸ்தா'ன்னா 'வரைக்கும்'. செப்டம்பர் வரைக்கும் அனுப்ப வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க."

"ஒரு மாசமா?" முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "அம்புட்டுப் பேருமா? பொறவு அந்த நாடு எப்படி ஓடுது?"

"சட்டமே இருக்கு சார். வேலை பாக்குறவங்களுக்குச் சம்பளத்தோட லீவு."

மேனேஜர் சிரித்தே விட்டார். மறுநாள் காலையில் என் ஆதாரத்தைக் கொண்டுபோனேன். முந்தின வருஷம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் வானொலிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு செப்டம்பர் பாதியில் வந்த பதில். 'நாங்கள் அனைவரும் விடுமுறையில் இருந்ததால் தாமதம். ஆகஸ்டில் எங்கள் தலைநகரில் ரொட்டி வாங்கக்கூடக் கடை தேட வேண்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

முதலாளி அதை நிதானமாகப் படித்தார். ஜன்னல் வழியாகத் தறிக்கூடத்தைப் பார்த்தார்.

"ஒரு மாசம் பாப்போம். தறி ஓடட்டும்."

அந்த ஆகஸ்டைப் போல நீளமான மாதத்தை நான் பார்த்ததில்லை. ஸ்பெயினுக்கு மேனேஜர் தினமும் போன் போட்டார். யாரும் எடுக்கவில்லை. பேல்கள் கிடங்கு நிரம்பி வராந்தாவுக்கு வந்துவிட்டன. சுருட்டும் பிரிவில் மூத்தவராக, சேத்தூரிலிருந்து வரும் ஒரு அக்கா இருந்தார். என் மேல் ஏக அன்பு. ஆனால் அவருக்கே கலக்கம் வந்துவிட்டது.

"நீ சொன்னதை நம்பித்தான் மொதலாளி எங்களை வச்சிருக்காராம்லா? நெசந்தானட்டி? பொய்யாப் போச்சுன்னா ஒன் வேலையும் போயிரும்."

"நெசந்தாங்க்கா," என்றேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது புத்தகத்தைப் பிரித்து 'அஸ்தா' என்ற சொல்லுக்குப் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் முதல் தேதி மத்தியானம் தாண்டியும் டெலக்ஸ் மெஷின் அசையவில்லை. அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு மேல் அது தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. நான்தான் பக்கத்தில் நின்றேன். விடுமுறை நல்லபடியாக முடிந்தது, தயாராக உள்ளதை எல்லாம் உடனே கப்பலில் ஏற்றுங்கள், அடுத்த ஆர்டர் இதைப்போல இரண்டு மடங்கு. இப்போது ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரிந்த எழுத்தர் லீவு முடிந்து வந்துவிட்டார்!

தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்று படித்தார். மேனேஜர் என்னிடம், "அந்தப் புஸ்தகத்தை எனக்கும் ஒரு நாள் குடும்மா," என்றார். மனதாரத்தான் சொன்னார். சுருட்டும் பிரிவுக்கு நான் போனபோது நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். சேத்தூர் அக்கா என்னை அப்படியே தூக்கிவிட்டார். அன்றிலிருந்து ஸ்பெயின் காகிதங்கள் எல்லாம் என் பொறுப்பு ஆயின.

மாசி மாதம் அந்த ஸ்பெயின் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. வந்தவர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். அவருடைய கார்டில் பேருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர்கள். "இதுல எது வீட்டுக்காரர் பேரு?" என்று மேனேஜர் கேட்கச் சொன்னார். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது, கல்யாணம் ஆனாலும் மாற்றுவதில்லை என்றார் அவர். அதுவரை ஒரு மனிதரிடமும் நான் ஸ்பானிஷ் பேசியதில்லை. முதல் வாக்கியம் பாதியில் நின்றது. இரண்டாவது வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கே படித்தாய்?" என்றார். "ரேடியோவில்," என்றேன். நம்பவே இல்லை.

சுருட்டும் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். முதலாளியும் கூட வந்தார். சேத்தூர் அக்கா சட்டென்று எழுந்தார்.

"இவியகிட்டயே கேளு தாயி. சம்பளத்தோட ஒரு மாசம் லீவுன்னியே, அது நெசந்தானா?"

கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார், நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழாக்கினேன். "நிஜம்தான். ஆனால் யாரும் சும்மா கொடுத்துவிடவில்லை, கேட்டு வாங்கினோம். எனக்குக் கல்யாணம் ஆன புதிதில், வேலைக்குப் போவதற்கே கணவர் கையெழுத்து வேண்டும். பாங்கில் கணக்குத் தொடங்கவும் வேண்டும். அந்தச் சட்டத்தையும் மாற்றினோம்." பிறகு அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை நாள்?" என்றார்.

அக்கா கையை விரித்தார். "ஒரு நாளும் கெடையாது. வந்தாத்தான் கூலி."

முதலாளி பக்கத்தில் நிற்கிறார். வேறு மாதிரி மாற்றிச் சொல்லிவிட ஒரு நொடி போதும். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. நான் மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். வந்தவர் முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் அக்கா பத்துப் பெண்களோடு ஆபீசுக்கு வந்தார். மனுவை நான்தான் டைப் அடித்தேன், என் பெயரையும் கீழே சேர்த்து. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். முதலாளி மனுவை இரண்டு தரம் படித்தார்.

"ஸ்பெயின் மாதிரி ஒரு மாசமெல்லாம் என்னால ஏலாது," என்றார் கடைசியில். "வருஷத்துக்கு ஒரு வாரம். சம்பளத்தோட. ஆடிப்பூரத் தேரோட சேத்து எடுத்துக்கங்க."

எல்லோரும் வெளியே வந்தோம். வராந்தா தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்ததும்தான் ஒருத்தி குலவையிட்டாள். பிறகு எல்லோரும். தறிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. தறிக்காரர்கள் ஓடி வந்து என்ன ஏது என்று விசாரித்தார்கள். அடுத்த மாதம் அவர்களும் மனு எழுதச் சொல்லி என் மேஜைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அதே ஒரு வாரம் கிடைத்தது.

அந்த ஆடியில் ஆலைக் கதவு ஏழு நாள் பூட்டியிருந்தது. தேர் இழுத்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் எங்கள் பெண்கள் புதுச்சேலையில் கூட்டமாக நின்றார்கள். சேத்தூர் அக்காவை மட்டும் காணோம். எட்டாம் நாள் வேலைக்கு வந்தவரிடம், "தேருக்கு வரலையேக்கா, எங்க போனிய?" என்று கேட்டேன்.

"கான்சாபுரத்துல மக வீட்டுல இருந்தேன். பதினாலு வயசுல வேலைக்கு வந்தவ தாயி நான். நல்லாத் தின்னேன், நல்லாத் தூங்குனேன்," என்று சொல்லிவிட்டு அக்கா துணியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். "சம்பளத்தோட தூங்குனேன்!"