பாறைமேல் நடந்த மதிப்பீடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவதோடு நின்றவள். நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் பள்ளிக்கூடம் செஞ்சியில் மலையடியில் இருக்கிறது. அங்கே பெற்றோர் குழு என்று ஒன்று உண்டு. மகள் வேலைக்குப் போவதால் அவளுக்குப் பதில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததே இல்லை. கதவோரம் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். அவர் வந்த பிறகுதான் கக்கூசுக்குக் கதவும் தண்ணீரும் வந்தன. அதற்கு முன்னால் பேத்தி காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவாள், சாயங்காலம் பதறிக்கொண்டு ஓடி வருவாள். அந்த டீச்சருக்கு மார்க் போட ஆபீசர் வருகிறார், குறைந்தால் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சர் தினமும் வேலைக்கு வந்ததை செல்போனில் முகம் காட்டிப் பதிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் சிக்னல் வராது. பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறினால்தான் வரும். ஆகையால், பள்ளிக்கூடத்தில் இருப்பதைக் காட்டுவதற்காகத் தினமும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போவார்.

ஆபீசர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

“எச்.எம். எங்க?”

மோவாயால் மலையைக் காட்டினேன்.

“கோயிலுக்குப் போயிருக்காங்களா?”

சத்துணவு சமைக்கிற அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “இல்ல சார். ஸ்கூலுக்கு வந்துட்டேன்னு சொல்றதுக்குப் பாறை மேல போயிருக்காங்க.”

“அத ஸ்கூல்ல இருந்தே சொன்னா இன்னாம்மா?”

“சொல்லலாம் சார். யாருக்கும் கேக்காது.”

அவர் தம் போனில் ‘பணியிடத்தில் இல்லை’ என்று தட்டினார். ஆனால் அது போகவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். பெஞ்சுமேல் ஏறினார். பிள்ளைகள் சிரித்தன. கடைசியில் என்னிடம் வந்து, “அந்தப் பாறைக்கு வழி எது பாட்டிம்மா?” என்றார். பெற்றோர் குழுவில் ஒருவருடைய போட்டோவும் வேண்டுமாம். நானும் ஏற வேண்டியதாயிற்று.

“பெரியம்மா, பார்த்து! நீ வுழுந்தா அதுக்கும் டீச்சருக்குத்தான் மார்க் கொறைப்பாங்க!” என்று சமையல்கார அம்மா கீழிருந்து கத்தினாள்.

மேலே டீச்சர் ஒரு கையில் போனும் மறு கையில் குரங்கு விரட்டும் குச்சியுமாக நின்றிருந்தார். “வாங்க சார்” என்று, வீட்டுக்கு வந்தவரை அழைப்பதுபோல் அழைத்தார். ஆபீசர் மூச்சு வாங்கிக்கொண்டு கேள்வியைப் படித்தார்.

“எச்.எம்.ம பெத்தவங்க சுலபமா பார்க்க முடியுதா?”

“ரோட்டுல இருந்தே தெரிவாங்க சார்!” என்று கீழிருந்து சமையல்கார அம்மாவின் பதில் வந்தது.

ஆபீசர் என்னைப் பார்த்தார். “மாத்திடாதீங்க சார். கக்கூசுக்குக் கதவு போட்டாங்க” என்றேன். குழுவில் சேர்ந்த பிறகு நான் பேசின முதல் பேச்சு அதுதான்.

அவர் போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “கதவுக்கு இதுல கேள்வி இல்லயே பாட்டிம்மா” என்றார், பாவம், வருத்தமாகத்தான்.

பிறகு தட்டினது எல்லாவற்றையும் அனுப்பினார். போகவில்லை. டீச்சருக்கு முகம் மட்டும் போதும். ஆபீசருக்கு இடமும் சரியாக இருக்க வேண்டுமாம். நீங்கள் பள்ளி எல்லைக்குள் இல்லை என்று போன் சொல்லிவிட்டது. கீழே போனால் எல்லை இருக்கிறது, சிக்னல் இல்லை. மேலே சிக்னல் இருக்கிறது, எல்லை இல்லை. பாதி வழியில் நின்று பார்த்தார்.

“அங்க ரெண்டுமே இருக்காது சார்” என்றார் டீச்சர்.

“அப்ப நான் இன்னைக்கு டூட்டிக்கே வரலையா?”

டீச்சர் அவருக்கு டீ வரவழைத்தார். குடித்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. மார்க்கும் வரவில்லை. டீச்சர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், தினமும் ஏறுகிறார்.

மார்க் இல்லாதவரை மாற்ற முடியாது என்று சமையல்கார அம்மா அடித்துச் சொல்கிறாள். விவரம் தெரிந்தவர்கள் யாராவது அது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். தப்பு என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.